புட்டிக் கடிதத்துக்குத் தக்கைதான் உயிர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலில் புட்டிக் கடிதம் விடுவதைக் காதலர்களின் கற்பனை என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் நீரோட்டங்களை அறிய ஜெர்மன் கடல் ஆய்வு நிலையம் 1864 முதல் ஆயிரக்கணக்கான புட்டிகளை இதற்காகவே வீசச் செய்தது. 'பவுலா' கப்பலிலிருந்து 12.6.1886 அன்று இந்தியப் பெருங்கடலில் விட்ட புட்டி, 2018 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் வெட்ஜ் தீவருகே கிடைத்தது. அச்சிட்ட படிவத்தில் தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, கப்பலின் வழி; கண்டெடுப்பவர் இடமும் நாளும் குறித்துத் திருப்பி அனுப்பும்படி மறுபக்கத்தில் வேண்டுகோள். முகம் தெரியாத ஒருவர் மீது எவ்வளவு பெரிய நம்பிக்கை!

கடிதத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தக்கைதான். காய்ந்து சுருங்கினால் ஈரம் உள்ளே இறங்கிவிடும். கிடைத்தபோது பவுலா புட்டியிலும் தக்கை இல்லை. கெட்டிக் கண்ணாடியும் குறுகிய கழுத்தும் மணலில் புதைந்து கிடந்ததுமே காகிதத்தைக் காத்தன. தக்கையை இறுக்கி, வாய் முழுக்க மெழுகு ஊற்ற வேண்டும். மை கரையும், பென்சில் எழுத்து கரையாது. வெறும் புட்டி மேலே மிதந்து காற்றின் போக்கில் ஓடும். கழுத்து மட்டும் தெரியும் அளவுக்குக் காய்ந்த மணல் போட்டால்தான் நீரோட்டத்தோடு போகும்.

புட்டி கிடைத்தால், ஈரக் காகிதத்தை இழுக்காதீர்கள். நிழலில் மெல்ல உலரவிட்டு, பிறகு பிரியுங்கள்.