தோட்டத்து மண்சாலைக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய மழை பெய்து ஆறு கலங்கினால் போதும், குழாய்த் தண்ணீர் பற்றிப் புகார் வரும், உடனே காடு அழிக்கிறவர்களையும் மணல் எடுக்கிறவர்களையும் திட்டுகிறோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் தோட்டங்களிலும் கம்பங்களிலும் (கிராமங்களிலும்) கிடக்கிற மண்சாலைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அங்கிருந்து கரைகிற மண்ணும் அதே ஆற்றில்தான் சேருகிறது. அதைத் தடுக்க ஆண்டுதோறும் அரசாங்கப் பணம் வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

செம்பனைத் தோட்டத்துக்குள் போய் வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். குலை ஏற்றிய லாரி போய்ப் போய் இரண்டு சக்கரத் தடமும் பள்ளமாகிவிடும். எப்போதாவது ஒரு மண்தள்ளி வந்து மேல் மண்ணை வழித்து, இரண்டு ஓரத்திலும் வரப்பு மாதிரி ஒதுக்கிவிட்டுப் போகும். பார்க்கச் சமமாக இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் அந்த வரப்பைத் தாண்டி வெளியேற வழியில்லாமல் சாலையிலேயே ஓடும், இறக்கத்தில் வேகம் பிடிக்கும், போகிற போக்கில் தளர்ந்த மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு பாலத்தடியில் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் ஆற்றில் விழும். மதகுக் குழாயின் வாய் அடைபடும், ஆற்றுப் படுகை மேடாகும், மீன் முட்டையிடுகிற கல் இடுக்கெல்லாம் வண்டல் மூடிப்போகும்.

வீடு கட்ட நிலத்தை வெட்டுகிற கம்பெனி மண் வெளியேறாதபடி வண்டல் குட்டை தோண்ட வேண்டும் என்று நம் மலேசியாவில் விதி இருக்கிறது. பல வருஷமாக மண்ணைக் கொட்டிக்கொண்டிருக்கும் சாலைக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இதே கேள்வியை எழுப்பியவர்கள் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறவர்கள். தங்கள் ஓடைகளில் சேறு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போய், மண்சாலைகளைக் காட்டினார்கள். 1997இல் அந்த மாநில அரசு வாகனச் சட்டத்திலேயே ஒரு பிரிவு சேர்த்து, இதற்கென ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. 2013இல் அது 3 கோடியே 50 லட்சம் டாலரானது. தொகையை விட எனக்குப் பிடித்தது அதைக் கொடுக்கிற விதம். சாலைப் பொறுப்பாளர் முதலில் பயிற்சிக்குப் போக வேண்டும், அதை முடிக்காத ஊராட்சி மானியத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. எந்தச் சாலைக்குப் பணம் என்பதை அந்தந்த வட்டாரக் குழு பார்க்கிறது, அதில் மீன்வளத் துறையின் ஆளுக்கும் ஓட்டு உண்டு. சாலையால் ஓடைக்கு எவ்வளவு கேடு என்பதுதான் அங்கே முக்கியமான கேள்வி.

வேலையும் பெரிய வித்தை இல்லை. சாலையின் நடுவை உயர்த்தி இருபுறமும் சரிவு கொடுக்கிறார்கள், ஓரத்து வரப்பை எடுத்துவிடுகிறார்கள், தண்ணீர் ஒரே இடத்தில் சேராமல் அங்கங்கே புல்லும் மரமும் இருக்கிற பக்கம் திருப்பிவிடுகிறார்கள், மேலே பல அளவில் உடைத்த கல்லைக் கலந்து உருளையால் அழுத்துகிறார்கள். எல்லாவற்றுக்கும் தார் போட்டால் சரியாகிவிடும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். தண்ணீருக்கு வழி செய்யாமல் தார் போட்டால் அது இன்னும் வேகமாக ஓடி ஓரத்தை அரிக்கும், அப்புறம் தாரும் பெயர்ந்துவிடும்.

இங்கே என்ன நிலைமை? மாநிலச் சாலைகளைப் பராமரிக்கக் கூட்டரசு ஆண்டுதோறும் மானியம் கொடுக்கிறது, அரசியலமைப்பின் 109ஆவது பிரிவிலேயே அது இருக்கிறது. மாரிஸ் என்கிற அரசாங்கச் சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைக்குத்தான் அந்தப் பணம். தோட்டத்துச் சாலை தனியார் நிலம், அதனால் பதிவில் இல்லை. நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த சாலை, பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் போகிற சாலை, யாருடைய கணக்கிலும் வராமல் கிடக்கிறது.

தோட்ட முதலாளிக்கு ஏன் நம் வரிப்பணம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. லாபம் பார்க்கிற கம்பெனி தன் பங்கைக் கட்டாயம் கட்டட்டும், நிபந்தனையோடு கொடுங்கள், ஆற்றை ஒட்டிய சாலைகளுக்கு முதலில் கொடுங்கள். ஆனால் நிலம் அவர்களுடையது என்று ஒதுங்கிவிட்டால் சேறு வேலிக்குள்ளேயே நின்றுவிடப் போவதில்லை. பினாங்குக்கு வரும் சுத்திகரிக்காத தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது, அந்த ஆற்றின் மேல்பகுதி முழுக்கக் கெடாவில் இருக்கிறது. அங்கே ஒரு சாலையைச் சரிசெய்ய பினாங்கு அரசு பணம் கொடுக்க முடியாது, பினாங்கின் குழாய்க்காகக் கெடா செலவு செய்யும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. அதனால் இதைக் கூட்டரசுதான் எடுத்துச் செய்ய வேண்டும்.

நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இதைக் கேட்கட்டும்: சாலை மானியத்தில் ஒரு சிறு பங்கைத் தோட்ட, கம்பத்து மண்சாலைகளுக்கென்று தனியாக எழுதி வையுங்கள். எந்தச் சாலைக்கு என்பதை முடிவு செய்யும் குழுவில் வடிகால் நீர்ப்பாசன இலாகாவோடு அந்தச் சாலையோரம் வாழ்கிற மக்களில் ஒருவரும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நிபோங் திபால், பினாங்கு