டிவி பெட்டியோடு ஊருக்கு வரும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர், துபாய், பிரான்ஸ், அமெரிக்கா என்று பிழைக்கப் போயிருக்கும் கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு,

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் டிவி ரிப்பேர் பார்க்கிறவன் நான். உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது, உங்கள் அம்மாக்களுக்குத் தெரியும். லீவு முடிந்து நீங்கள் பிளேன் ஏறிய பிறகு, அந்த டிவியைப் போர்வையில் சுற்றி ஷேர் ஆட்டோவில் என்னிடம் தூக்கி வருகிறவர்கள் அவர்கள்தான். "புள்ள ஆசையா வாங்கியாந்தது, எப்படியாவது பாத்துக் குடுங்க" என்பார்கள். பார்க்க முடியாத செட்டுகளும் வருகின்றன. அதனால்தான் இந்த மடல்.

வாங்குவதற்கு முன் போன் போடுகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, அந்த ஊர் டிவி நம்ம கரண்டுக்கு ஒத்துக்குமா?" பெரும்பாலும் ஒத்துக்கும். சிங்கப்பூர், துபாய், பிரான்ஸ் எல்லாமே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் பக்கம்தான். பிளக்கின் கால் மட்டும் வேறு, அதற்கு ஒரு அடாப்டர் போதும்.

டப்பா டிவி காலத்தில்தான் நிஜமான தலைவலி இருந்தது. சிங்கப்பூர் செட்டும் நம் தூர்தர்ஷனும் பால்-பி/ஜி என்கிற ஒரே ஒளிபரப்பு முறை என்பதால் கொண்டுவந்து சொருகினால் வேலை செய்யும். ஹாங்காங் செட்டில் படம் வரும், சத்தம் வராது. அங்கே படத்தின் அலைவரிசையிலிருந்து ஒலி 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும், இங்கே 5.5. பிரான்ஸ் செட் செகாம் என்கிற தனி ஜாதி. புதுச்சேரிக்காரர்களில் விவரம் தெரிந்தவர்கள் பல முறைகளையும் பிடிக்கும் 'மல்டி சிஸ்டம்' செட்டாகப் பார்த்து வாங்கித் தப்பித்தார்கள். இப்போது கேபிளோ டிஷ்ஷோ எல்லாம் செட்டாப் பாக்ஸ் வழியாக எச்டிஎம்ஐயில் போய்விடுவதால் அந்தத் தொல்லை இல்லை.

அமெரிக்க டிவி மட்டும் விதிவிலக்கு. மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் 50 இஞ்ச் செட், பின்னால் ஸ்டிக்கரில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேராகச் சொருகியிருந்தால் புகைதான். நல்லவேளையாக மகன் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி வைத்திருந்தார். டிவி ஆன் ஆனது. பென் டிரைவில் படம் ஓடியது, யூடியூப் ஓடியது. செட்டாப் பாக்ஸைச் சொருகினால் மட்டும் கறுப்புத் திரை. கேபிளை மாற்றினேன். பக்கத்து வீட்டு பாக்ஸை இரவல் வாங்கிப் பார்த்தேன். அதற்குள் மணி ஏழாகி, சீரியலுக்காகப் பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கேபிள், பாக்ஸ் மேல் தப்பில்லை. நம் பாக்ஸ் 50 ஹெர்ட்ஸ் கணக்கில், அதாவது நொடிக்கு 50 தடவை, படம் அனுப்புகிறது. அமெரிக்காவில் விற்பதற்கென்றே செய்த பல டிவிகளுக்கு 60 மட்டும்தான் தெரியும். கடைசியில் பரணிலிருந்து பழைய 21 இஞ்ச் டப்பாவை இறக்கி வைத்துவிட்டு வந்தேன். பாட்டி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சரி, ஒத்துக்குமா என்பதை விடுங்கள். போய்விட்டால் யார் பார்ப்பது என்று கேட்டீர்களா? வாரண்டி பெரும்பாலும் வாங்கின நாட்டோடு சரி. கம்பெனி ஒன்றாக இருந்தாலும் மாடல் நம்பரின் கடைசி எழுத்துகள் நாட்டுக்கு நாடு மாறும். அந்த நம்பரை இங்கே சர்வீஸ் சென்டரில் சொன்னால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட் ஸ்ட்ரிப் போனால் நான் மாற்றுவேன், பவர் போர்டில் கெபாசிட்டர் மாற்றுவேன். மெயின் போர்டு என்றால், அதே மாடல் வேறு எங்காவது உடைந்து கிடந்தால்தான் உண்டு. ஒரு போர்டுக்காகச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் முழுக்க அலைந்து வெறுங்கையோடு பஸ் ஏறியிருக்கிறேன்.

பேனல், அதாவது திரை, உடைந்து வந்தால் அதைவிட மோசம். 55 இஞ்ச் டிவியின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர், உயரம் 69. இரண்டையும் கூட்டினாலே 190 தாண்டுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்த்து 158 என்பதுதான் பல விமானங்களில் பெட்டிக்கு வழக்கமான அளவு. ஆக அது தனிக் கட்டணச் சாமான். அதைப் படுக்கப் போட்டு மேலே நாலு பெட்டி ஏற்றினால், அட்டையில் கீறல்கூட இல்லாமல் உள்ளே கண்ணாடி விரிந்திருக்கும். மீனம்பாக்கத்திலிருந்து ஈசிஆரில் காரின் பின் சீட்டில் சாய்த்து வைத்துக் கொண்டுவரும் கொடுமை வேறு. பேனல் விலை கிட்டத்தட்ட புது டிவி விலை.

அப்புறம் சுங்கம். 2013 ஆகஸ்ட் 26-லிருந்து தட்டை டிவியை வரியில்லாமல் கொண்டுவரும் சலுகை கிடையாது. அன்றைக்கு வரி 35 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் சேர்ந்து 36.05. 2018-ல் சமூக நல சர்சார்ஜ் வந்தபின் 38.5. ஐம்பதாயிரம் மதிப்புப் போட்டால் 19,250 ரூபாய். குடும்பத்தோடு ஒரேயடியாகத் திரும்புகிறவர்களுக்கு விதி வேறு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

அங்கே கடையில் கட்டின வரி திரும்பக் கிடைக்குமே என்பீர்கள். சிங்கப்பூரில் அது சுற்றுலா வருகிறவர்களுக்கு. வேலை பெர்மிட்காரர்களுக்கு இல்லை. பிரான்ஸிலேயே குடியிருக்கிறவர்களுக்கும் இல்லை. இங்கேயோ 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகிவிட்டது. அம்மா அக்கவுண்டில் பணத்தைப் போடுங்கள், பாரதி சாலைப் பக்கம் கடையில் வாங்கிக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே வாங்கியாயிற்றா? பின்பக்க ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், என்னிடம் காட்டட்டும். பெட்டியை நிற்க வைத்தே கொண்டுவரச் சொல்லுங்கள். புறப்படும் முன் மெனுவை இங்கிலீஷுக்கு மாற்றிவிடுங்கள். முத்தியால்பேட்டையில் ஒரு பிரெஞ்சு பென்ஷன் வீட்டில் மெனு முழுக்க பிரெஞ்சு. படிக்கத் தெரிந்த தாத்தா, கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு படுத்திருந்தார். நான் திரையைப் பார்த்து எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவர் கட்டிலில் இருந்தபடியே அர்த்தம் சொல்லிக்கொண்டு வந்தார். முக்கால் மணி நேரம். "எல், ஏ, என், ஜி, யூ, ஈ" என்றேன். "அதான்யா மொழி, அமுக்கு" என்றார்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவுக்குத் தெரிந்த டிவி மெக்கானிக்