முழு நிமிடம் எண்ணியவர்களுக்கு நன்றி

எங்கள் மாவட்டத்தின் கிராம சுகாதார செவிலியர்கள், எஸ்.டி.எஸ்.கள் (முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர்கள்), டிபி வார்டு சிஸ்டர்கள், சமையற்கட்டு அக்காக்கள், துப்புரவுப் பணியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் உங்களிடம் கேட்டது எடை மெஷின், உயரக்கோல், விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர், கடிகாரம், அவ்வளவுதான். பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 14 அல்லது அதற்குக் கீழ். கால் வீங்கியிருந்தால் 16 வரை. மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ், பிடிமானமில்லாமல் நிற்க முடியாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் நோயாளியை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பக்கூடாது, வார்டுக்கு அனுப்ப வேண்டும்.

சொல்ல எளிது. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலே கணக்கில் 4 போய்விடும். நீங்கள் முழு நிமிடமும் எண்ணினீர்கள். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறும் என்று, நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடி நெஞ்சைக் கவனித்தீர்கள். நகப்பூச்சைத் துடைத்து, சில்லிட்ட விரலைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகே ஆக்சிமீட்டரை மாட்டினீர்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தீர்கள். தேங்கிய நீரும் எடையில் சேர்ந்து மெலிவை மறைத்துவிடும். அதைப் பிடித்தது அந்தக் கட்டைவிரல்தான்.

சமையற்கட்டுக்குத் தனி நன்றி. எலும்பும் தோலுமாய்ப் படுத்திருப்பவருக்கு வயிறு நிறையப் போடத்தான் யாருக்கும் தோன்றும். நாள்கணக்கில் சாப்பிடாத உடம்புக்குள் திடீரென்று சோறு போனால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயமே தடுமாறும். அதனால் கஞ்சியையும் பாலையும் அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தீர்கள். பிரியாணிப் பொட்டலத்தோடு வந்த உறவினர்களிடம் திட்டு வாங்கியது என்னவோ சிஸ்டர்கள்தான்!

சிஸ்டர்களே, 34 கிலோ வரை 2 மாத்திரை, 35 முதல் 49 வரை 3 என்று எடை ஏறும்போதெல்லாம் சார்ட்டைத் திருத்தினீர்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், இரத்தம் இல்லை என்று முதல் நாளே சொல்லிவைத்தீர்கள். சொல்லாவிட்டால் பயந்துபோய் மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிப்பார்கள். வாந்தி நிற்கவில்லை, கண் மஞ்சளாகிறது என்றால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டருக்குச் சொன்னீர்கள். ஈரலைக் காப்பாற்ற அந்த அவசரம் தேவை.

எதிரெதிர் ஜன்னல்களைக் குளிரிலும் திறந்துவைத்து, சளி டப்பாக்களை மூடியோடு எடுத்துப்போன துப்புரவுப் பணியாளர்களுக்கும் நன்றி.

வார்டு ஆக்சிமீட்டருக்குச் சொந்தக் காசில் பேட்டரி வாங்கிப் போட்டது யாரென்று இன்னும் தெரியவில்லை. பில்லைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

மாவட்டக் காசநோய் மையத்தார்