உன் கழுத்துத் தழும்பும் என் கழுத்துத் தழும்பும்

அன்புள்ள வசந்தி,

உன் மெயிலையும் கூடவே வந்த போட்டோவையும் நேற்று ராத்திரி பார்த்தேன். தைராய்டில் இருந்தது சாதாரணக் கட்டிதான் என்று ரிப்போர்ட் வந்த விஷயத்தை மூன்றாவது பத்தியில் போய்ச் சொல்கிறாய், அதற்கு முன்னால் இரண்டு பத்தி முழுக்கத் தழும்புப் புலம்பல்! உன்னைத் திட்டவும் முடியவில்லை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் புலம்பினேன்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்து மடிப்போடு ஒட்டித்தான் கோடு போயிருக்கிறது, நல்ல வேலை. எனக்கு ஆபரேஷனுக்கு முன்னால் உட்கார வைத்து, குனி, நிமிர் என்று சொல்லிப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டார்கள், படுத்துவிட்டால் மடிப்பு இடம் மாறிவிடுமாம்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இது இன்னும் கொஞ்ச நாள் மோசமாகத்தான் தெரியும். எனக்கு ஆறாவது வாரத்தில் சிவந்து, தடித்து, ஒரு மண்புழுவை ஒட்டிவைத்த மாதிரி ஆகி, அரிப்பு வேறு. அறுத்த இடத்தை மூட உடம்பு அவசரத்தில் கொலாஜனை, அதாவது தோலுக்குப் பலம் தரும் புரத நாரை, கண்டபடி கொட்டுகிறது, அப்புறம் மாதக்கணக்கில் அதையே பிரித்துப் பிரித்து அடுக்குகிறது. எல்லாம் அடங்கி வெளிற ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகும். இப்போது மூன்றாவது வாரத்தில் அந்த இடத்துக்குப் பழைய தோலின் பலத்தில் கால்வாசிதான் வந்திருக்கும், கடைசியிலும் 80 சதவீதத்தைத் தாண்டாது. அதனால் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறேன், பரணில் ஏறுகிறேன் என்று கிளம்பாதே.

வைட்டமின் ஈ கேப்ஸ்யூலைக் குத்தித் தடவலாமா என்று கேட்டிருக்கிறாய். தடவாதேடி! நான் தடவினேன். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு, ஊசியால் குத்தி, பிசுபிசுவென்று பத்து நாள் பூசியதில் தழும்பைச் சுற்றிப் பொரிப்பொரியாக வெடித்து, தோல் டாக்டரிடம் ஓட வேண்டியதாகிவிட்டது. அவர்தான் சொன்னார், 1999இல் அமெரிக்காவில் ஆபரேஷன் ஆன 15 பேருக்குத் தழும்பின் ஒரு பாதியில் வைட்டமின் ஈ கலந்த களிம்பும் மறு பாதியில் வெறும் களிம்பும் பூசிப் பார்த்தார்களாம், பெரும்பாலோருக்குப் பலனே இல்லை, மூன்றில் ஒருவருக்கு என்னை மாதிரி ஒவ்வாமை. மஞ்சள், எலுமிச்சை, சோற்றுக்கற்றாழை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், தலையாட்டிவிட்டு விட்டுவிடு.

எனக்குக் கைகொடுத்தது சிலிக்கான் ஷீட், தழும்பின் மேல் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் மாதிரியான மெல்லிய தாள். தையல் இடம் முழுசாக மூடி, பொருக்கு உதிர்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும், உன் டாக்டர் சரி என்றதும் ஆரம்பி. தோலின் ஈரம் ஆவியாகாமல் அது மூடி வைத்துக்கொள்கிறது, ஈரம் குறையாவிட்டால் கொலாஜன் கொட்டும் வேகமும் அடங்குகிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது 12 மணி நேரம், இரண்டு மூன்று மாதம். மதுரை வெயிலில் சித்திரை மாதம் கழுத்தில் ஷீட் நிற்குமா? வியர்த்து வழுக்கிக் கீழே விழும், ஒரு நாள் ரசத்தில் விழுந்தது (நான் மட்டும் சாப்பிட்ட ரசம், கவலைப்படாதே). அப்புறம் பகலில் சிலிக்கான் ஜெல், ராத்திரியில் ஷீட் என்று மாற்றிக்கொண்டேன். காலையில் ஷீட்டை லேசான சோப்பில் கழுவி, பாத்ரூம் கண்ணாடியிலேயே ஒட்டிக் காயவிடுவேன். துண்டால் துடைத்தால் பஞ்சு ஒட்டிக்கொண்டு பசை போய்விடும்.

தண்ணீர் குடிக்கும்போது கண்ணாடியில் கவனித்தாயா? விழுங்கினால் தழும்பும் கூடவே மேலே ஏறி இறங்கும். அடியில் இருக்கும் சதையோடு ஒட்டிக்கொள்வதால் அப்படி. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கூச்சமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, இரண்டு விரலால் அழுத்தி மேலும் கீழும், வட்டமாகவும் ஐந்து பத்து நிமிஷம், தினம் இரண்டு வேளை தேய்த்துவிட்டேன். மூன்று மாதத்தில் அந்த ஒட்டல் விட்டுப்போயிற்று. எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் கழுவிவிட்டுத்தான் ஷீட் ஒட்ட வேண்டும். வெளியே போனால் சன்ஸ்கிரீன், இல்லை முந்தானை. நம் நிறத்துக்கு வெயில் பட்டால் தழும்பு கறுத்துப்போகும், அப்புறம் லேசில் வெளுக்காது.

இன்னொன்று, இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். உன் இடது தோளில் பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசி போட்ட தழும்பு புடைத்து இருக்குமே, பள்ளிக்கூடத்தில் நாங்கள் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே? அதை டாக்டரிடம் காட்டு. கெலாய்டு, அதாவது அளவுக்கு மீறி வளரும் தழும்பு, வரும் உடம்பாக இருக்கலாம். சாதாரணத் தடிப்பு வெட்டிய கோட்டுக்குள்ளேயே நிற்கும், கெலாய்டு கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் போகும். நண்டுக் கொடுக்கு என்ற கிரேக்க வார்த்தையிலிருந்து வந்த பெயராம். என் தங்கை மகளுக்கு இரண்டாவது காது குத்திய இடத்தில் பட்டாணி அளவு வந்தது, ஓர் இடத்தில் வெட்டி மட்டும் அனுப்பிவிட்டார்கள், எட்டே மாதத்தில் நெல்லிக்காய் அளவுக்குத் திரும்பி வந்தது. வெட்டினால் கூடவே ஸ்டீராய்டு ஊசியும் போட வேண்டுமாம், இப்போது வேறு டாக்டரிடம் மாதம் ஒரு ஊசி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்குகிறது. ஊசி வலி தாங்காமல் அவள் போடும் சத்தம் தெருவுக்கே கேட்கிறது. உனக்குக் கோட்டுக்கு வெளியே தடிப்பது போலத் தெரிந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதே.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது, வீடு வெறிச்சென்று இருக்கிறது. என் கழுத்தில் இப்போது வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான், போன மாதம் கல்யாணத்தில் ஒருத்தி அதைச் செயின் உரசிய தடம் என்று நினைத்துக்கொண்டாள். நீயும் தாலிச்செயினைக் கொஞ்ச நாள் கழற்றிவை, உன் மாமியார் ஏதாவது சொன்னால் மஞ்சள் கயிறு போட்டுக்கொள், அது தழும்பில் படாமல் தளர்வாக இருக்கட்டும்.

தையில் திருச்சி வருகிறேன். என்னிடம் பிரிக்காத ஷீட் ஒரு பாக்கெட் இருக்கிறது, கூரியரில் போட்டுவிடவா, இல்லை அங்கேயே வாங்கிக்கொள்கிறாயா? எழுது.

அன்புடன்,
மல்லிகா