செக் போட்டாச்சு எண்டு இருந்திடாதேங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

இங்கிலாந்திலை கடை வைச்சிருக்கிற எங்கடை ஆக்கள் பிசினஸ் ரேட்ஸ், அதுதான் கடையளுக்குக் கவுன்சில் எடுக்கிற வரி, பற்றிக் கதைக்கேக்கை எல்லாற்றை வாயிலையும் வாற ஒரே திகதி 2026 மார்ச் 31 தான். 2023 லிஸ்ட்டிலை இருக்கிற ரேட்டபிள் வேல்யூ, அதாவது வரிக்கு அடிப்படையா கடைக்குப் போட்ட வருச வாடகை மதிப்பு, பிழை எண்டால் அதுக்குள்ளை போட்டிருக்க வேணும், பிறகு கதவு பூட்டு எண்டு. சரிதான், ஆனா அது செக், அதாவது லிஸ்ட்டிலை உள்ள விபரத்தைச் சரிபாக்கச் சொல்லுற முதல் விண்ணப்பம், போடுறதுக்கு மட்டும் இருந்த கடைசி நாள், அதோடை அலுவல் முடியிறேல்லை, நான் சறுக்கினது அந்த இடத்திலைதான்.

2017 இலை இருந்து இங்கை மூண்டு படி, செக், சேலஞ்ச், அப்பீல். செக்கிலை பாக்கிறது கட்டடத்தின்ரை அளவு என்ன, எது கடை எது ஸ்டோர் எண்ட விபரம்தான். வேல்யூவே கூட எண்டு வாடகைக் கணக்கோடை நிண்டு சண்டை பிடிக்கிறது சேலஞ்சிலை, அதை செக் முடிவு வந்த நாளிலை இருந்து நாலு மாசத்துக்குள்ளை போட வேணும். முடிவு வந்த நாள், நீங்கள் ஈமெயிலைத் திறந்து பாத்த நாள் இல்லை!

என்ரை கடைக்கு வேல்யூ 13,500 பவுண் இருந்தது. பின் ரூமும் விக்கிற இடமா லிஸ்ட்டிலை இருந்ததாலை செக் போட்டன், திருந்தி 13,000 ஆச்சு. ஆனா 2021 ஏப்ரல் 1 இலை அந்தக் கடைக்கு என்ன வாடகை வந்திருக்கும் எண்டதுதான் அந்த லிஸ்ட்டின்ரை அடிப்படை, அது கொரோனா நேரம், பக்கத்துக் கடையள் குறைஞ்ச வாடகைக்குக் கை மாறின பேப்பர் எல்லாம் ஒரு ஃபைலிலை சேர்த்து வைச்சுக்கொண்டு, கேஸ் நடக்குது, ஆரும் கூப்பிடுவினம் எண்டு இருந்தன். ஒருத்தரும் கூப்பிடேல்லை. செக் முடிவு ஜங்க் ஃபோல்டருக்குள்ளை கிடந்திருக்கு, நான் கண்டது முடிவு வந்து அஞ்சாம் மாசம், சேலஞ்ச் போடுற நாலு மாசமும் போட்டுது.

இதிலை ஆயிரம் பவுண்தானே எண்டு நினைக்காதேங்கோ. 12,000 ஆ இறங்கியிருந்தா சின்ன பிசினஸ் ரிலீஃப் எண்ட வரிச்சலுகையிலை ஒரு சதமும் கட்டத் தேவையில்லை, 13,000 இலை நிண்டதாலை வருசம் 2,162 பவுண் கட்டினன், மூண்டு வருசத்துக்கு 6,500 கிட்ட. வெண்டிருந்தா 2023 ஏப்ரல் 1 இலை இருந்து கட்டினது திரும்பி வந்திருக்கும். ஃபைல் இப்பவும் அலுமாரிக்குள்ளை இருக்கு.

என்ரை கவனயீனம்தான், இல்லை எண்டு சொல்லேல்லை. எண்டாலும் வேல்யூ போடுற அரசாங்கப் பக்கத்துக்கு செக் பாக்க 12 மாசம், சேலஞ்ச் பாக்க 18 மாசம், விடியக் கடை திறந்து இரவு பூட்டுற எங்களுக்கு நாலு மாசம், இது என்ன கணக்கு? 12 மாசத்திலையும் செக் முடிவு வராட்டி காத்திருக்காமல் சேலஞ்சுக்குப் போகலாம், அதுவும் செக் போட்ட நாளிலை இருந்து 16 மாசத்துக்குள்ளை. சேலஞ்ச் முடிவும் பிடிக்காட்டி அப்பீலுக்கு ட்ரிபியூனல் எண்ட தீர்ப்பு மன்றத்துக்குப் போக இன்னொரு நாலு மாசம், சின்ன பிசினஸுக்கு 150 பவுண் கட்டணம், வெண்டால் அதுவும் திரும்பி வரும். செக்கும் சேலஞ்சும் இலவசம், ரேட்ஸைக் குறைச்சுத் தாறம் எண்டு ஃபோன் எடுத்து முன்காசு கேக்கிற ஆக்களிட்டை அவசரப்பட்டுக் குடுக்காதேங்கோ. இவ்வளவும் இழுபடேக்கையும் கவுன்சில் பில்லை நிப்பாட்டேலாது, கட்டிக்கொண்டுதான் இருக்க வேணும்.

பேப்பரிலை பெரிசா மார்ச் 31 எண்டு போடேக்கை இந்த நாலு மாசத்தையும் அதே எழுத்திலை பக்கத்திலை போடுங்கோ. மார்ச் கடைசியிலை ஓடி ஓடி செக் போட்ட ஆக்கள் தயவுசெய்து இண்டைக்கே செக் போட்ட ஒன்லைன் அக்கவுண்டையும் ஜங்க் ஃபோல்டரையும் ஒருக்கா திறந்து பாருங்கோ.

இப்படிக்கு,
கடை வைச்சிருக்கிற ஒரு வாசகர்