அந்த 133 எங்கே போயிற்று?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் தெசிங் ஷே பற்றிய கட்டுரை படித்தேன். தைவானில் பிறந்து, அமெரிக்காவில் கப்பலிலிருந்து நழுவி, ஆவணம் ஏதுமின்றி நியூயார்க்கில் வாழ்ந்த நிகழ்த்துகலைஞர். 1980 ஏப்ரல் 11 முதல் ஓராண்டு, இரவு பகல் பாராமல் மணிக்கு ஒருமுறை, தொழிலாளி வேலைக்கு வந்த நேரத்தை அச்சடிக்கிற கடிகாரத்தில் டைம் கார்டு பஞ்ச் செய்தார்; அதுவே அவருடைய கலைப்படைப்பு. 'கட்டுப்பாட்டின் உச்சம்' என்று கட்டுரையாளர் மெச்சுகிறார். கோவை மில் ஒன்றில் டைம் ஆபீஸ் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஓராண்டுக்கு 8,760 பஞ்ச். அதில் 133 தவறிவிட்டது. ஷே தானே கொடுத்த கணக்கு இது: தூங்கிப்போனது 94, பிந்தியது 29, முந்தியது 10. கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை. இதை விட்டுவிட்டால் அவர் வெறும் சாதனை வீரராகிவிடுகிறார்.

மூன்றாம் ஷிப்டில், ரிங் பிரேம் என்கிற நூற்பு இயந்திரம் போடுகிற இரைச்சலுக்கு நடுவே, நின்றபடியே கண் சொருகுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த 94 எனக்குப் புரிகிறது. பிந்தி வருகிறவனுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். என்னை உறுத்துவது முந்தி அடித்த அந்த 10தான். மணி எப்போது ஆகும், எப்போது ஆகும் என்று நினைத்தே நிதானம் குலைந்தவன்தான் முந்தி அடிப்பான்.

ஷே நினைத்திருந்தால் இந்தத் தவறுகளை மறைத்திருக்கலாம். ஆனால் கார்டுகளில் பிறகு கைவைக்க முடியாதபடி முதலிலேயே சாட்சி ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டார். எங்கள் மில்லில் பக்கத்து ஆளுக்குச் சேர்த்துக் கார்டு அடிப்பதைப் பிடிப்பதே பாதி வேலை. (கைரேகைக் கருவி வந்தபிறகு அது முடியாது என்கிறார்கள். ஐடி கம்பெனியில் இருக்கும் என் பேரனிடம் கேட்டால் சிரிக்கிறான்.)

ஒவ்வொரு பஞ்சுக்கும் சினிமா ஃபிலிமில் தன்னை ஒரு பிரேம், அதாவது ஒரு படம், எடுத்துக்கொண்டார். ஓராண்டும் சுமார் ஆறு நிமிடத்தில் ஓடிவிடுகிறது. அதே சீருடை, அதே இடம். தொடங்கும்போது மொட்டைத் தலை. முள் சுழலச் சுழல முடி மட்டும் தன்பாட்டுக்கு வளர்ந்து தோளைத் தொடுகிறது. கடிகாரத்துக்குக் கட்டுப்படாதது அந்த அறையில் அது ஒன்றுதான். அந்தத் தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

'வேலையே செய்யாமல் கார்டு அடிப்பது கலையா?' என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்குள் திரும்பியாக வேண்டுமென்றால் எவ்வளவு தூரம் போகலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்று அவர் யோசிக்கட்டும். எங்கள் ஆட்களுக்குச் சங்கு ஊதினால் ஷிப்ட் முடிந்தது; வார விடுமுறை உண்டு, மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. ஷேவுக்கு இவை எதுவும் இல்லை. வேலையைக் கழற்றிவிட்டு, வேலையின் கட்டுப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டார்.

1981 செப்டம்பரிலிருந்து இன்னோர் ஆண்டு, எந்தக் கூரைக்கும் கீழே போவதில்லை என்று தெருவிலேயே வாழ்ந்தார். நடுவில் போலீஸ் பிடித்துக் கட்டடத்துக்குள் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி அடுத்து எழுதுவதாக இருந்தால், அவர் உள்ளே இருந்த அந்தச் சில மணி நேரத்தையும் விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் எழுத்தர்,
சிங்காநல்லூர், கோவை.