அந்த 900 கலோரித் தாளைக் கிழித்துப் போடு

குலசேகரம்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

என் மக்களே,

வெள்ளிக்கிழமை நீ மஸ்கட்டிலிருந்து போனில் பேசியதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. காலையில் ஒரு முட்டை, மதியம் வெள்ளரிக்காயும் தயிரும், இரவில் இரண்டு சப்பாத்தி, மொத்தம் 900 கலோரி என்று பெருமையாகச் சொன்னாய். உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ எழுதித் தந்த தாளாம். பத்து நாளில் மூன்று கிலோ இறங்கிவிட்டதாம். படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்பதையும் அதே மூச்சில் சொன்னாய். போனில் பதில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

எடையைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. 170 செ.மீ. உயரத்துக்கு 88 கிலோ அதிகம்தான். உன் தாத்தா சர்க்கரை நோய் பாதித்த காலோடு பட்ட பாட்டை நீயும் பார்த்தவன். ஆனால் அந்த 900 யாருக்குப் போட்ட கணக்கு? உன் உயரத்தைக் கேட்டார்களா, வயதைக் கேட்டார்களா, நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் வேலையா என்று கேட்டார்களா?

அங்கன்வாடியில் முப்பது வருடம் பிள்ளைகளை எடை போட்டவள் நான். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் துணை உணவாகப் போய்ச் சேர வேண்டும் என்பது எங்களுக்கு விதியாக இருந்தது. அந்த 500 ஒரு சின்ன உடம்பில் ஏறி, அடுத்த மாதம் தராசு முள் கொஞ்சம் நகர்வதற்காக நாங்கள் எத்தனை வீட்டு வாசலில் ஏறி இறங்கியிருக்கிறோம்! கலோரியைக் கண்டபடி வெட்டி எறிகிற பேச்சை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

பேப்பரும் பேனாவும் எடு, உன் உடம்புக்கு எவ்வளவு கலோரி வேண்டும் என்று பார்ப்போம். 1990-இல் வந்த மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரம்தான் இன்றும் பெரும்பாலும் கையாளப்படுகிறது. எடையைக் கிலோவில் 10-ஆல் பெருக்கு: 880. உயரத்தை செ.மீ.-இல் 6.25-ஆல் பெருக்கு: 1,062.5. இரண்டையும் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழி. உனக்கு 34, அதனால் 170 போகும். ஆண்களுக்குக் கடைசியில் 5 கூட்ட வேண்டும். பெண்களுக்கு 161 கழிக்க வேண்டும், மருமகளுக்குப் போடும்போது மறந்துவிடாதே. உனக்கு வருவது ஏறக்குறைய 1,780. நீ அசையாமல் படுத்துக் கிடந்தாலும் இதயம், மூளை, ஈரல் எல்லாம் வேலை செய்ய உடம்பு எரிக்கும் அளவு இது. உட்கார்ந்த வேலைக்காரனுக்கு இதை 1.2-ஆல் பெருக்கினால் 2,130. எடை ஏறாமல் இறங்காமல் நிற்க நீ சாப்பிட வேண்டியது அவ்வளவு.

அப்பாவுக்கும் போட்டுப் பார்த்தேன். உன் வயதில் அவர் 60 கிலோ, 165 செ.மீ. இருட்டோடு எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேடும் பள்ளமுமாக முந்நூறு ரப்பர் மரம் பால்வெட்டுவார். பிறகு பால் எடுத்து, சுமந்து, ஷீட் அடிப்பார். அவ்வளவு உழைப்புக்கு 1.725-ஆல் பெருக்க வேண்டும். 2,500-க்கு மேல் வருகிறது. உன்னைவிட 28 கிலோ குறைந்தவருக்கு உன்னைவிட 400 கலோரி கூடுதலாக வேண்டியிருந்தது. அவர் தட்டில் குவிந்த மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன் கறியும் மலையிலேயே எரிந்து தீர்ந்தன. அதே தட்டு நிறையத்தான் உனக்கும் போட்டு வளர்த்தேன். நீ படித்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதே அளவைத்தான் போட்டேன். அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி அந்த மூன்று கிலோவுக்கு வருகிறேன். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி குறைய வேண்டும். மூன்று கிலோவுக்கு 23,100. பத்து நாளில் என்றால் நாளுக்கு 2,310. உன் உடம்பு ஒரு நாள் முழுவதும் எரிப்பதே 2,130 தானே! பச்சைப் பட்டினி கிடந்தாலும் அவ்வளவு கொழுப்பு போகாது. போனதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்து தீரும்போது அதோடு சேர்ந்த தண்ணீரும் இறங்கிவிடும். இப்படியே போனால் தசையும் கரையும்.

2,130-இல் 500 குறைத்துக்கொள். 1,630. வாரத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும், அது போதும். மருத்துவர் பார்வையில் இல்லாமல் 1,500-க்குக் கீழே நீ போகவே கூடாது. தொடங்கும் முன்பே சர்க்கரையும் தைராய்டும் ஒரு தடவை சோதித்துவிடு. கண் இருட்டுகிறது என்கிறாயே, அதை மருத்துவரிடம் சொல்லாமல் இருந்துவிடாதே.

ஆனால் எதையும் குறைப்பதற்கு முன்னால் ஒரு வாரம் வழக்கம்போலவே சாப்பிடு, ஒன்றுவிடாமல் எழுது. பசியில் யாரும் உண்மைக் கணக்கு எழுதுவதில்லை. சமையலறைத் தராசு ஒன்று வாங்கு. அரிசியைப் பச்சையாக எடை போட்டால் 100 கிராமுக்கு 350 கலோரி. வெந்த சோறு 100 கிராமுக்கு 130 தான். பச்சைக்கும் வெந்ததற்கும் கணக்கை மாற்றிப் போட்டால் எல்லாம் தவறிவிடும்.

நம் வீட்டு ஆள்களுக்குக் கணக்கு தவறும் இடம் சோறுகூட இல்லை, தேங்காய். நூறு கிராம் துருவல் 350 கலோரி. அவியல், துவரன் என்கிற பொரியல், மீன் கறி என்று மூன்றிலும் தேங்காய் போட்டு, மேலே தேங்காய் எண்ணெயும் ஊற்றினால் சோற்றைவிடக் கறியில் கலோரி கூடிவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120. தேங்காயை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராது, அது இல்லாமல் நமக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு நேரத்துக்கு ஒரு கறியில் மட்டும் தேங்காய் அரை, எண்ணெயைக் குப்பியில் இருந்து ஊற்றாமல் கரண்டியால் அள. மீனைக் குறைக்காதே. நூறு கிராம் சாளையில் 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. பொரிக்காமல் கறியாக வை. மரச்சீனிக்கிழங்கு 100 கிராம் 160 கலோரி, அதனால் கிழங்கு தின்னும் அன்று சோறு வேண்டாம். நீ அங்கே குடிக்கும் கரக் சாயா என்கிற பால் சாயாவையும் எழுது. நாளுக்கு நான்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால், சர்க்கரை மட்டுமே 160. காலையில் பால் விடாத ஒரு கட்டன் சாயா சர்க்கரை இல்லாமல் குடித்துப் பழகு, பத்து நாளில் நாக்கு ஒத்துக்கொள்ளும்.

சூத்திரம் சொல்லும் 2,130 ஒரு தொடக்கம்தான். ஒரே எடை, ஒரே வயது உள்ள இரண்டு பேரின் உடம்பு ஒன்றுபோல எரிப்பதில்லை. அங்கன்வாடியில் ஒரு மாத எடையைப் பார்த்து நாங்கள் எதையும் முடிவு செய்ததில்லை. அட்டையில் கோடு எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்ப்போம். நீயும் காலையில் வயிறு காலியாக இருக்கும்போது எடை பார். ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். முதல் நாள் கருவாடு தின்றிருந்தால்கூட உப்புக்குத் தண்ணீர் நின்று எடை ஏறிக் காட்டும். வாரச் சராசரியை எடு. நான்கு வாரம் கழித்தும் கோடு அசையவில்லை என்றால், முதலில் எழுதாமல் விட்டது எது என்று தேடு. எல்லாம் சரியாக இருந்தால் 100 கலோரி குறை, அதற்குமேல் வேண்டாம். ஐந்து கிலோ இறங்கியதும் கணக்கைப் புதிதாகப் போடு. சிறிய உடம்புக்குத் தேவையும் சிறியதாகிவிடும்.

அடுத்த வாரம் மஸ்கட் வருகிறவரிடம் பொதி கொடுத்து விடுகிறேன். முந்திரிக்கொத்து இந்தத் தடவை இல்லை. ஏத்தன்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் எப்போதும் போல இரண்டு கிலோ கொடுக்காமல் கால் கிலோ வைத்திருக்கிறேன். 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது, எடை போட்டுத் தின்னு. சிறுபயறும் மிளகும் கூட வைத்திருக்கிறேன். அப்பா பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றில் எனக்குக் கட்டம் வரைந்து தந்திருக்கிறார். 88-இல் முதல் புள்ளி வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் வாரச் சராசரியைச் சொல், கூடியிருந்தாலும் மறைக்காமல் சொல்.

இன்று இரவு சோறு சாப்பிட்டுவிட்டுப் படு.

அம்மா